பிள்ளையின் பெயர் பிள்ளைக்கே உரியது



சற்றுக் கடுமையாகவே எழுதப் போகிறேன். யார் மனத்தையும் புண்படுத்துவது நோக்கமன்று. எனினும், பள்ளியில் பல ஆண்டுகளாகக் கண்டு வரும் ஒரு போக்கைப் பற்றி இனியும் வாய்மூடி இருத்தல் ஓர் ஆசிரியனுக்கு அழகன்று.

பள்ளித் தவணை தொடங்கும் வாரங்களில் வகுப்பாசிரியர்களிடம் பெற்றோர் சிலர் வருவதுண்டு. "ஐயா, பிள்ளையின் பெயரை மாற்றியிருக்கிறோம். இனிமேல் இப்படித்தான் எழுத வேண்டும், இப்படித்தான் அழைக்க வேண்டும்" என்று ஒரு துண்டுத் தாளை நீட்டுவர். அதில் பழைய பெயரோடு ஓர் எழுத்துக் கூடியிருக்கும். அல்லது ஓர் எழுத்துக் குறைந்திருக்கும். சில வேளைகளில் பெயரே முற்றாக மாறியிருக்கும். எதற்காக என்று கேட்டால், எண்கணிதம் பார்த்தோம், பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை, அடிக்கடி காய்ச்சல் வருகிறது, சொல் பேச்சுக் கேட்பதில்லை என்று காரணங்கள் அடுக்கப்படும். "பிறப்புப் பத்திரத்திலும் மாற்றி விடப் போகிறோம்" என்ற அறிவிப்பும் உடன் வரும்.

ஏழு வயதுப் பிள்ளை அருகில் நின்று, தன் பெயரைப் பற்றிப் பிறர் பேசுவதைப் பார்த்துக் கொண்டிருக்கும். அதனிடம் ஒரு வார்த்தை கேட்பார் எவருமிலர்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி விடுகிறேன். பெயரை வைப்பது பெற்றோரின் உரிமை. வைத்த பெயரை, பிள்ளை அதனைத் தன்னுடையதாக ஏற்றுக் கொண்ட பிறகு, பிள்ளையைக் கேளாமல் மாற்றுவது பெற்றோரின் உரிமையன்று. பிழையைத் திருத்துதல் வேறு. பெயரை மாற்றுதல் வேறு. முன்னதைத் தாமதமின்றிச் செய்யுங்கள். பின்னதைச் செய்யாதீர்கள்.

எந்தக் கணக்கு? யாருடைய கணக்கு?

முதலில் இந்த எண்கணிதத்தைப் பார்ப்போம். இது நம் முன்னோர் தந்த கலை என்று பலர் நம்புகின்றனர். உண்மை என்ன? இன்று பெயருக்குக் கூட்டிச் சொல்லப்படும் எண்கள் யாவும் ஆங்கில எழுத்துகளுக்குத் தரப்பட்டவை. தமிழ் எழுத்துக்கு இதில் இடமே இல்லை. இம்முறையை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் 'கீரோ' என்னும் புனைபெயர் கொண்ட அயர்லாந்துக்காரர். 1866இல் பிறந்து 1936இல் மறைந்த அவர் கைரேகை பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர். அவருடைய நூல்களின் வழி வந்த கணக்கைத்தான் நம்மவர் சிலர் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக் கொண்டிருக்கின்றனர்.

அந்தக் கணக்காவது ஒன்றாக இருக்கிறதா? அதுவும் இல்லை. கீரோ பின்பற்றிய 'கல்தேய' முறை ஒன்று. 'பிதாகரஸ்' பெயரால் வழங்கும் முறை மற்றொன்று. நம் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் 'கவிதா' என்னும் பெயரை எடுத்துக் கொள்வோம். கே, ஏ, வி, ஐ, டி, எச், ஏ என ஏழு எழுத்துகள். கல்தேய முறைப்படி கூட்டினால் 2, 1, 6, 1, 4, 5, 1, மொத்தம் 20, இறுதி எண் 2. பிதாகரஸ் முறைப்படி கூட்டினால் 2, 1, 4, 9, 2, 8, 1, மொத்தம் 27, இறுதி எண் 9. இடையில் உள்ள 'எச்' என்ற எழுத்தை நீக்கி விட்டால் முதல் முறையில் 6 வரும். இரண்டாம் முறையில் 1 வரும். ஒரே குழந்தை, ஒரே பெயர், நான்கு தலையெழுத்துகள்! இவற்றுள் எது உண்மை என்று எந்தச் சோதிடரேனும் சொல்லட்டும். இரண்டாம் ஆண்டு மாணவன் இப்படி ஒரே கணக்குக்கு நான்கு விடை எழுதினால் நாம் சிவப்பு மையால் சுழித்து விடுவோம். கட்டணம் வாங்கிக் கொண்டு பெரியவர் எழுதினால் மட்டும் கைகூப்பி வாங்கிக் கொள்வதா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழில் 'கவிதா' என்று எழுதும்போது அந்த 'எச்' எங்கே இருக்கிறது? அழைக்கும்போது எங்கே ஒலிக்கிறது? ஒலிக்காத ஓர் எழுத்து ஒரு பிள்ளையின் வாழ்வை எப்படி உயர்த்தும்? தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி விட்டு, அப்பிள்ளையின் விதியை ஆங்கில அரிச்சுவடியிடம் ஒப்படைப்பது என்ன முறை?

"பெயரை மாற்றிய பிறகு எங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிறான்" என்பார் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் கூறவில்லை. பெயரை மாற்றிய நாள் முதல் அப்பெற்றோர் பிள்ளையின் மீது கூடுதல் அக்கறை கொள்கின்றனர். புத்தகப் பையைத் திறந்து பார்க்கின்றனர். ஆசிரியரிடம் வந்து கேட்கின்றனர். "இனி நீ நன்றாக வருவாய்" என்று நம்பிக்கையோடு பேசுகின்றனர். பிள்ளை மாறியதற்கு இவையே காரணம். இவற்றைச் செய்வதற்குப் பெயர் மாற்றம் தேவையில்லை. சோதிடருக்குக் கொடுத்த பணமும் தேவையில்லை. படிப்பு வரவில்லை என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் பின் வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! செவித்திறனைப் பாருங்கள். இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்று பாருங்கள். நாள்தோறும் இருபது நிமிடம் அருகில் அமர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பிறகும் இடர்ப்பாடு இருந்தால் சிறப்புக் கல்வித் தேவை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுத்துக் குழப்பமுடைய பிள்ளைக்குப் பெயரில் இன்னோர் எழுத்தைக் கூட்டுவது, நீந்தத் தெரியாதவன் தோளில் கல்லைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் குழந்தையின் பிறப்பை 1957ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்கிறோம். பிறந்த நாளிலிருந்து அறுபது நாள்களுக்குள் பதிய வேண்டும். இந்த அறுபது நாள்களே உண்மையில் பெயர் சூட்டலுக்கு உரிய காலம். நாள் பார்ப்பவர், நட்சத்திரம் பார்ப்பவர், எண் பார்ப்பவர், தமிழகராதி பார்ப்பவர் எல்லாரும் இக்காலத்திற்குள் பார்த்து முடிக்கட்டும். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள பிழைகளைத் திருத்தும் வழியைக் கூறுகிறது. எழுத்தரால் நேர்ந்த பிழை ஒரு வகை. தகவலிலேயே நேர்ந்த பிழை மற்றொரு வகை. இரண்டாவதற்கு, பிழை இன்னது, உண்மை இன்னது என்று எடுத்துரைக்கும் சத்தியப் பிரமாணம் வேண்டும். கவனியுங்கள்: சட்டம் பேசுவது பிழையைப் பற்றி. "இந்த எண் ராசியில்லை" என்பது பிழையன்று.

இங்கேதான் ஒரு பெருந்தீங்கு நடக்கிறது. "பதியும்போது தவறாக எழுதி விட்டார்கள் என்று சொல்லுங்கள், எளிதில் முடிந்து விடும்" என்று அறிவுரை கூறுவோர் இருக்கின்றனர். பெற்றோரும் அவ்வாறே பிரமாணம் செய்யத் துணிகின்றனர். 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ்ச் செய்யப்படும் உறுதிமொழி விளையாட்டுத் தாளன்று. அறிந்தே பொய்யுரைத்தால் தண்டனைச் சட்டத்தின்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், அறத்தைப் பாருங்கள். 'பொய் சொல்லாதே' என்று முதலாம் ஆண்டிலேயே நாம் எழுத வைக்கும் பிள்ளையின் பெயரையே ஒரு பொய்யின் மேல் நிறுத்துவதா? நல்ல எண் வேண்டிக் கெட்ட செயலா?

இன்னொரு செய்தியும் தாய்மார்கள், தந்தைமார்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவல் சட்டம் 1999இல் திருத்தப்பட்டு, பிள்ளையின் பாதுகாவலில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை வழங்கப்பட்டது. ஆகவே, தந்தை ஒருவர் தன் விருப்பத்திற்குச் சோதிடரிடம் சென்று வந்து முடிவு செய்வதும், மணமுறிவுக்குப் பின் ஒருவர் மீதுள்ள சினத்தை மற்றவர் பிள்ளையின் பெயரில் தீர்த்துக் கொள்வதும் முறையன்று. பிரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு ஏற்கெனவே வீடு மாறியிருக்கிறது; சில வேளைகளில் பள்ளியும் மாறியிருக்கிறது. மாறாமல் எஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். அதையுமா பறிப்பது?

ஐ.நா.வின் சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் இணைந்தது. பிறந்தது முதல் பெயர் பெறும் உரிமையைக் கூறும் ஏழாம் விதியின் மீது நம் நாடு தன் தடையுரையை இன்னும் விலக்கிக் கொள்ளவில்லை என்பது வருத்தத்திற்குரியது. ஆனால், தன்னைப் பாதிக்கும் காரியங்களில் பிள்ளையின் கருத்து, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கேட்கப்பட வேண்டும் என்னும் பன்னிரண்டாம் விதிக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. ஒருவனைப் பாதிக்கும் காரியங்களுள் அவனுடைய பெயரை விட நெருக்கமானது எது? மதிய உணவுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோம். பிறந்த நாளுக்கு எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்கிறோம். பெயரை மட்டும் கேளாமல் மாற்றுகிறோம்.

தாள்களின் சங்கிலி

ஒரு பெயர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பிறப்புப் பத்திரத்தில் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான 'மைகிட்' அட்டை, மருந்தகத்தின் தடுப்பூசிப் புத்தகம், பாலர் பள்ளிப் பதிவு, கல்வி அமைச்சின் மாணவர் தரவுத் தளம், கடப்பிதழ், வங்கிக் கணக்கு, கல்விச் சேமிப்புக் கணக்கு, காப்புறுதி என்று அது ஓடுகிறது. பன்னிரண்டு வயதில் 'மைகார்டு'. பின்னர் எஸ்.பி.எம். சான்றிதழ். அதன் பிறகு உயர்கல்வி, கடனுதவி, வேலை, சேமநிதி. இச்சங்கிலியில் ஒரு கண்ணியில் மட்டும் எழுத்தை மாற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு முகப்பிலும், "இவரும் அவரும் ஒருவர்தானா?" என்ற கேள்வி எழும். அதற்கு ஒவ்வொரு முறையும் விடை சொல்லிக் கொண்டிருக்கப் போகிறவர் சோதிடரல்லர்; பிள்ளை.

சில பெற்றோர் பதிவுத்துறை பக்கமே போவதில்லை. வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் என்று மூன்று வைத்துக் கொள்கின்றனர். பள்ளி, பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரைத்தான் பதிவேட்டில் எழுத முடியும். பரிசளிப்பு விழாவில் அறிவிக்கப்படும் பெயரும், கையில் வாங்கும் சான்றிதழில் உள்ள பெயரும் வேறு வேறாக இருக்கும். அதைப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்க்கும். தான் வாங்கிய பரிசு தன்னுடையதுதானா என்ற ஐயம் அதன் முகத்தில் தெரியும்.

தாள்களைப் பற்றி அலட்சியமாக இருக்கும் உரிமை நம் சமுதாயத்திற்கு இல்லை. தோட்டப்புறத்தில் நம் பாட்டன், பாட்டி பெயர்களைக் கிராணிமார்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே தந்தையின் பிள்ளைகள் நால்வருக்குத் தந்தை பெயர் நான்கு விதமாக அமைந்த குடும்பங்கள் இன்றும் உண்டு. சொத்துப் பிரிவினையின் போதும், தந்தையின் சேமநிதியைப் பெறும் போதும் அவர்கள் பட்ட அலைச்சலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றித் தவித்த நம்மவரைத் தேடிப் பதிவு செய்வதற்காகவே 2011இல் 'மைடாஃப்தார்' என்னும் இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியதாயிற்று; 2017இல் மீண்டும் ஒரு பெரும் இயக்கம் நடந்தது. அன்று எழுதப்படிக்கத் தெரியாமையால் வந்த குழப்பத்தை, இன்று படித்த பெற்றோர் பணம் கொடுத்து வாங்குகின்றனர். இதைவிட வேதனை வேறென்ன?

பெயரும் பிள்ளை மனமும்

ஆசிரியர்கள் அறிவோம். ஒரு பிள்ளை தானாக விரும்பி எழுதக் கற்றுக் கொள்ளும் முதற் சொல் அதன் பெயர்தான். பாலர் வகுப்பில் சுவரொட்டியில் தன் பெயரைக் கண்டுபிடித்த நாளில் அது துள்ளுவதைப் பார்த்திருக்கிறோம். தன் பெயரில் உள்ள எழுத்துகளைக் கொண்டே பிற சொற்களை அடையாளங் காணத் தொடங்குகிறது. 'என் பெயரில் உள்ள வ' என்று அது சொல்லும்போது, எழுத்து அதற்குச் சொந்தமாகி விடுகிறது. அந்தப் பெயரை எட்டு வயதில் நீக்கி, "இது உனக்கு ஆகாது" என்று சொல்கிறோம். பிள்ளை அதை எப்படிப் புரிந்து கொள்ளும்? பெயர் ஆகாது என்றா? இல்லை. தான் ஆகாதவன் என்றுதான் புரிந்து கொள்ளும். "நான் கெட்ட எண்ணில் பிறந்தவன்" என்று நம்பத் தொடங்கிய பிள்ளைக்கு எந்த ஆசிரியர் எத்தனை மதிப்பெண் போட்டாலும் அந்த வடு எளிதில் ஆறாது.

நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தியை நினைத்துப் பார்க்கிறேன். விடுமுறை முடிந்து புதுப் பெயரோடு வந்தாள். வருகைப் பதிவின் போது தோழியர் புதுப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பழைய பெயரைச் சொன்னால் தலை குனிவாள். அம்மா திட்டுவார் என்ற அச்சம். சில வாரங்கள் அவள் எந்தப் பெயருக்கும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

தமிழன்பர்களுக்கு ஒரு சொல்

இனி நான் சொல்லப் போவது என் சொந்த அணியினருக்கு. நல்ல தமிழ்ப் பெயரே நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று வலியுறுத்துபவர்களுள் நானும் ஒருவன். பொருளற்ற ஒலிக்கூட்டங்களைப் பெயரென்று வைப்பதையும், அறிவுமதி, இளவேனில், செந்தாமரை, நற்செல்வன் போன்ற பெயர்கள் வருகைப் பதிவேட்டில் அருகி வருவதையும் கண்டு வருந்துகிறேன். ஆயினும், தமிழ் ஆர்வத்தால் பத்து வயதுப் பிள்ளையின் பெயரைத் திடீரெனத் தமிழாக்கும் பெற்றோரையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

மறைமலையடிகளை எடுத்துக்காட்டுவீர்கள். 1876இல் பிறந்த வேதாசலம், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக் கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரியார் தம்மைப் பரிதிமாற் கலைஞர் என்று அழைத்துக் கொண்டார். இருவரும் அறிந்து, தெளிந்து, தாமே தம் பெயரை மாற்றிக் கொண்டவர்கள். பிறர் அவர்களுக்கு மாற்றவில்லை. அதனாலேயே அம்மாற்றத்திற்கு வலிமை இருந்தது. நம் பிள்ளையும் பதினெட்டு வயதில் தமிழுணர்வோடு வந்து, "அப்பா, என் பெயரைத் தமிழில் மாற்றிக் கொள்ளப் போகிறேன்" என்று சொன்னால் அன்று விருந்து வைப்போம். அந்த உணர்வை ஊட்டுவதுதான் நம் வேலை. உணர்வை ஊட்டாமல் ஒட்டுத்தாளை ஒட்டுவது தமிழ்த் தொண்டாகாது. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள். இருக்கும் குழந்தையின் பெயரை விட்டு விடுங்கள்.

ஆசிரியர்களே, நாமும் திருந்த வேண்டும்

பெற்றோரை மட்டும் குறை கூறினால் நியாயமாகாது. நம் நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் பெயர் உரோமன் எழுத்தில்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. எனவே முதலாம் ஆண்டில் அப்பெயரைத் தமிழில் முதன்முதலாக எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஆசிரியர். அது வள்ளியா, வல்லியா? கலாவா, களாவா? உரோமன் எழுத்துச் சொல்லாது. பெற்றோரைக் கேட்காமல் நாமே ஊகித்து எழுதினால், நாமும் ஒரு பெயரை மாற்றியவர்கள்தாம். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பெற்றோரிடமும் தமிழ் வடிவத்தை எழுதி வாங்குங்கள். ஆறு ஆண்டுகளும் அதுவே வழங்கட்டும்.

நீண்ட பெயரைச் சுருக்குவதும், உருவத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதும் வேண்டா. 2006ஆம் ஆண்டில், பதிவு செய்வதற்கு விரும்பத்தகாத பெயர்கள் என்று பதிவுத்துறை வெளியிட்ட பட்டியல் வெளிநாட்டு ஏடுகளிலும் செய்தியாயிற்று. கருப்பசாமி என்னும் பெயரும் அதில் இருந்ததாக அச்செய்திகள் கூறின. காவல் தெய்வத்தின் பெயர், பாட்டன் பெயர், இழிபெயராக எண்ணப்பட்டது! அத்தகைய பெயருடைய பிள்ளையை வகுப்பில் யாரேனும் நகைத்தால், மாற்ற வேண்டியது பிள்ளையின் பெயரையா, நகைப்பவரின் மனத்தையா? அப்பெயரின் பொருளை வகுப்பின் முன் நிறுத்தி விளக்குங்கள். ஆசிரியர் மதிப்போடு உச்சரிக்கும் பெயரை மாணவர் எளிதில் கேலி செய்வதில்லை.

மாற்றமே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றைத் தெளிவாகவே வரிசைப்படுத்துகிறேன்.

1. உண்மையான எழுத்துப் பிழை. பெற்றோர் கொடுத்தது ஒன்று, பதிவானது ஒன்று என்றால் உடனே திருத்துங்கள். பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கிய அன்றே முகப்பில் நின்றபடி ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். தந்தை, தாய் பெயர்களை அவரவர் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள்.

2. தத்தெடுப்பு. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை பெற்ற குழந்தைக்குப் புதுக் குடும்பத்தின் அடையாளம் தேவைப்படலாம். அப்போதும், விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், இட்ட பெயரை நிலைநிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

3. பிள்ளைக்கு உண்மையிலேயே இழிவையும் துன்பத்தையும் தரும் பெயர். துன்பம் பிள்ளைக்கு என்பதும், மாற்றத்தைப் பிள்ளையே விரும்புகிறது என்பதும் உறுதியாக வேண்டும். நம் கௌரவக் குறைச்சல் பிள்ளையின் துன்பமாகாது.

4. பிள்ளை வளர்ந்து, தானே கேட்கும் நிலை. நம் நாட்டில் பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டப்படி பெரியவர். தம் பெயரை மாற்றிக் கொண்டவர் அதனைப் பதிவகத்தில் தெரிவித்துப் புது அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகளில் உள்ளது. வழி திறந்தே இருக்கிறது. அதில் நடக்கும் முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இவற்றுள் ஒன்றன் பொருட்டுச் செயல்படுவதாயின், பெற்றோர் இருவரும் சேர்ந்து தேசியப் பதிவுத்துறை அலுவலகத்திற்கு நேரே செல்லுங்கள். என்னென்ன ஆவணங்கள் தேவை என்று முகப்பிலேயே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரை நம்பாதீர்கள். கூடுமான வரை பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்வதற்கு முன்பே முடித்து விடுங்கள். தவறினால், பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுப்பதற்கு முன்பாவது முடியுங்கள். மாற்றம் உறுதியானதும் பள்ளி, மருந்தகம், கடப்பிதழ், வங்கி, காப்புறுதி அனைத்திலும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய பத்திரத்தின் படியையும் புதியதையும் ஒரே கோப்பில் பாதுகாத்து, பிள்ளை வளர்ந்ததும் அதன் கையில் கொடுங்கள்.

இறுதியாக

பெற்றோர்களே! உங்கள் அன்பை நான் ஐயுறவில்லை. பிள்ளை நன்றாக வாழ வேண்டும் என்ற தவிப்பினால்தான் எண்கணிதம் பார்ப்பவரின் படியேறுகிறீர்கள். அந்தத் தவிப்பைப் பயன்படுத்திப் பிழைப்பு நடத்துவோர் மீதே என் சினம். அவர்கள் ஒரு முறை எழுத்தைக் கூட்டுவார்கள். பலன் இல்லையென்று மீண்டும் போனால் இன்னோர் எழுத்தைக் குறைப்பார்கள். பிள்ளையின் பெயர் அவர்களுக்கு ஒரு கணக்கு. உங்களுக்கு அது பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்து, கண்ணீரும் மகிழ்ச்சியுமாய்ச் சொல்லிப் பார்த்த சொல். அந்தச் சொல்லை நம்புங்கள்.

ஆசிரிய நண்பர்களே! அடுத்த முறை ஒரு பெற்றோர் துண்டுத் தாளோடு வந்தால், பணிவோடு, ஆனால் உறுதியோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது பிழைத் திருத்தமா, பெயர் மாற்றமா? தாய், தந்தை இருவருக்கும் சம்மதமா? பிள்ளையிடம் கேட்டீர்களா? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையென்றால், அருகில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து நீங்களே கேளுங்கள்: "தம்பி, உனக்கு எந்தப் பெயர் பிடிக்கும்?"

அது என்ன சொல்கிறதோ, அதை எழுதிக் கொள்ளுங்கள்.